முடிய வேண்டும்

ஒரு விடுகதை போடுகிறேன், பெனிட்டா, விடை சொல். ஒரு வீட்டில் அண்ணன், தம்பி இரண்டு பேர். அண்ணன் குட்டையானவன், சுறுசுறுப்பானவன், பெயரைச் சொன்ன உடனே வந்து நிற்பான். நேற்றைய கதை என்றால் வேறு சட்டை போட்டுக்கொண்டு வருவான், அவ்வளவுதான். ஆனால் இனிமேல்தான் வேலை என்று சொல்லிப் பார், வர மாட்டான், தம்பியை அனுப்பிவிடுவான். அதைவிட வேடிக்கை ஒன்று இருக்கிறது. அந்த வீட்டுக்குக் கட்டாயம் என்று ஒரு பெரியவர் அடிக்கடி வருவார். அவர் வந்து உட்கார்ந்துவிட்டால் அண்ணன் அவர் பக்கத்தில் தலைகாட்டவே மாட்டான். அப்போதும் தம்பிதான் போய் நிற்க வேண்டும். அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஓர் இடத்துக்குப் போகவே கூடாது, போனால் தப்பு. யார் அவர்கள்? இதை வண்டியில் வரும்போது உன்னிடம் கேட்கலாம் என்று வைத்திருந்தேன். காலையில் பல் தேய்க்கும்போது தோன்றியது. கேட்கவில்லை, ஏனென்றால் நீ பேசாமல் வந்தாய், என் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு வந்தாய், பாலக்கரை ரவுண்டானா வரைக்கும் உன் கன்னத்தின் சூடு என் சட்டைக்குள் தெரிந்துகொண்டே இருந்தது, அதைக் கலைக்க மனசு வரவில்லை. இப்போது கேட்கலாம் என்றால் நீ இங்கே இல்லை. இப்போதுதான் படிக்கட்டின் திருப்பத்தில் மறைந்தாய். உனக்குப் பின்னால் உன் பள்ளிக்கூடத்து சிஸ்டர் நத்தாலியும் மறைந்தார். என்னை இந்தக் கீழ் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, கூட வரக் கூடாது, கீழே நின்று குரல் கொடுக்கவும் கூடாது, பிள்ளை தானாக ஏறட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். சரி சிஸ்டர் என்றேன். உட்கார்ந்திருக்கிறேன்.

கேட்கிறது. மெத்தென்று ஒரு சத்தம், அப்புறம் டக். மெத், டக். மெத் என்பது உன் வலது காலின் கான்வாஸ் ஷூ. டக் என்பது இடது காலின் கேலிப்பர், முழங்காலுக்குக் கீழே இரண்டு பக்கமும் கம்பி வைத்து அடியில் பூட்ஸோடு சேர்த்த அது, நீ மூன்று வயதில் முதல் முதலாகப் போட்டுக்கொண்டபோது கண்ணாடி முன்னால் நின்று அதற்கு வணக்கம் சொன்னாயே, அது. அதற்குப் பிறகு நாலைந்து கேலிப்பர் மாறிவிட்டது, சத்தம் மாறவில்லை. மெத் முதலில் வந்து டக் பின்னால் வந்தால் நீ ஏறுகிறாய். டக் முதலில் வந்து மெத் பின்னால் வந்தால் இறங்குகிறாய். ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த அந்த அம்மா சொல்லிக்கொடுத்த முறை. ஏறும்போது நல்ல கால் முன்னால் போய்ப் பாரத்தை வாங்கிக்கொள்ளட்டும், இறங்கும்போது கேலிப்பர் கால் முன்னால் போகட்டும், நல்ல கால் மேலே நின்று பிடித்துக்கொள்ளும். ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம் சார், எல்லாரும் ஏறுவதையே பார்ப்பார்கள் என்றார் அந்த அம்மா. நீ உடனே நல்ல கால் என்று சொன்னால் அது கெட்ட காலா என்று கேட்டாய். அவர் சிரித்துவிட்டு, பெயர் வை என்றார். நீ வலது காலுக்கு ரோசி என்றும் இடது காலுக்கு டைசி என்றும் பெயர் வைத்தாய். ரோசி ஏறும், டைசி இறங்கும். மெத், டக். படிய எண்ணாதீங்கப்பா, நீங்க எண்ணினா எனக்குக் காலு கூசுது என்று நீ சொல்லியிருக்கிறாய். எண்ணவில்லை. பெஞ்சின் விளிம்பில் யாரோ காம்பஸ் முனையால் கீறிவைத்த ஒரு பூவை விரலால் தடவிக்கொண்டிருக்கிறேன். இதழ்களையும் எண்ணவில்லை.

எல்லாம் ஒரு வாக்கியத்தால் வந்தது. ஐந்தாம் வகுப்பு முடியப் போகிற நேரத்தில் பெற்றோர் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நீயும் பக்கத்தில் நின்றாய். ஆறாம் வகுப்பு மாடியில் இருக்கிறது, லிஃப்ட் கிடையாது, போன வருஷம் ஒரு பிள்ளை படியில் விழுந்து கையை உடைத்துக்கொண்டதிலிருந்து நிர்வாகத்தில் பயப்படுகிறார்கள் என்றெல்லாம் சிஸ்டர் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார், கடைசி வாக்கியத்தை மட்டும் இங்கிலீஷில் சொன்னார். ஷீ நீட்ஸ் டு பி ஏபிள் டு மேனேஜ் த ஸ்டேர்ஸ். மென்மையாகத்தான் சொன்னார், கல்லைத் துணியில் சுற்றிக் கொடுப்பதுபோல. கடுமையான விஷயம் சொல்லும்போது ஏன் எல்லாரும் இங்கிலீஷுக்குப் போய்விடுகிறார்கள், டாக்டர்கள்கூட அப்படித்தான், நீ பிறந்த அன்றைக்கு உன் காலைப் பற்றி டாக்டர் சொன்னதும் இங்கிலீஷில்தான். நானும் உடனே எழுந்து நின்றேன். எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. இங்கிலீஷில் பதில் சொல்ல உட்கார்ந்த வாக்கில் வரவில்லை. சிஸ்டர், ஷீ கேனாட் ஏபிள் டு கிளைம்ப் என்றேன். சிஸ்டர் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. பக்கத்து வரிசையில் ஒருவர் இருமினார். சத்தியமாக இருமல்தானா என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் போகும் வழியில் நீ என் காதருகே வந்து, அப்பா, ஒரு வாக்கியத்துல ரெண்டு முடியும் வரக் கூடாதாம், டீச்சர் சொல்லியிருக்காங்க என்றாய். கேன் வந்தா ஏபிள் வராது, ஏபிள் வந்தா கேன் வராது. நான் வண்டியை ஓரம் கட்டினேன். நான் யார்? கைடு கம்பெனியில் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கிறவன். ஆறாம் வகுப்பு இங்கிலீஷ் கைடு முழுக்க என் விரல் வழியாகப் போயிருக்கிறது, கேன் ஒரு பக்கம், ஏபிள் டு ஒரு பக்கம், இரண்டையும் சேர்த்து எழுதக் கூடாது என்று கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டதும் நான்தான். விரலுக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரியவில்லை. நீ சிரித்தாய், நானும் சிரித்தேன், அன்றைக்கு ராத்திரி உன் அம்மா லில்லி பால் டம்ளரை நீட்டியபோது நீ தலையைச் சாய்த்து, ஐ கேனாட் ஏபிள் டு என்றாய். அதிலிருந்து அது நம் வீட்டுச் சொல் ஆகிவிட்டது. லில்லிக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது, ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்து, என்னங்க, எனக்குத் தோசை சுட கேனாட் ஏபிள் டு என்பாள்.

ஆனால் நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்புறம் யோசித்திருக்கிறேன், எழுத்துக் கோக்கும்போது, குளிக்கும்போது, சிக்னலில் நிற்கும்போது. தெரியாமல் சொன்னதல்ல. ஒரு முடியும் போதவில்லை. ரோடு தாண்டும்போது உன்னை ஒரு கையால் பிடித்துக்கொண்டே இன்னொரு கையையும் குறுக்கே நீட்டுவேனே, நீ என்னப்பா இது என்று தட்டிவிடுவாயே, அந்த மாதிரி. கேனால் ஒரு பிடி, ஏபிள் டுவால் ஒரு பிடி. நம் ஆட்கள் எல்லாரும் இந்தத் தப்பைச் செய்கிறோம். பாங்கியில், ஆஸ்பத்திரியில், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில், பயந்துகொண்டு நிற்கிற இடத்தில்தான் செய்கிறோம். சரி, சிஸ்டர் சொன்ன வாக்கியத்துக்கு வருகிறேன், அது என்னை விடவில்லை. ராத்திரி லில்லியிடம் அதைத் தமிழில் சொல்லப் பார்த்தேன். படி ஏற முடியணுமாம் என்றேன். அவள் பூ கட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். “முடியணும்னா? எது முடியணும்?” ஏற முடியணும் என்றேன். “ஏறணுமா, ஏற முடியணுமா?” ஏற முடியணும். “அப்படி யாருங்க பேசுவாங்க? கல்யாணம் நல்லபடியா முடியணும்னு சொல்லுவோம். பரீட்சை முடியணும்னு சொல்லுவோம். புள்ளைக்கி முடியணும்னா என்ன அர்த்தம்?” அவள் சொன்னது சரி. தமிழில் கட்டாயமும் முடிவதும் ஒன்றாக உட்காராது. ஏறு என்று சொல்லலாம், ஏற வேண்டும் என்று சொல்லலாம், ஏறத் தெரிய வேண்டும் என்றுகூடச் சொல்லலாம். முடிய வேண்டும் என்று ஒருத்தருக்கு உத்தரவு போட முடியுமா? முடிவது என்ன நம் கையிலா இருக்கிறது? நம் பேச்சே அப்படித்தான் இருக்கிறது. இங்கிலீஷ்காரன் ஐ கேன் என்கிறான், ஐ முன்னால் வந்து விறைப்பாக நிற்கிறது, கேன் பின்னால் வருகிறது. நாம் நான் முடிவேன் என்று சொல்வதில்லை. என்னால் முடியும். முடிவது எங்கிருந்தோ வருகிறது, என் வழியாகப் போகிறது, குழாய் வழியாகத் தண்ணீர் போவதுபோல, சில நாள் வரும், சில நாள் வராது, வராத நாளில் குழாயை யாரும் திட்டுவதில்லை. இங்கிலீஷில் அந்த வாக்கியத்தை அழகாகச் சொல்லிவிட முடிகிறது. நீட்ஸ் ஒரு பக்கம், ஏபிள் ஒரு பக்கம், நடுவில் ஒரு சின்ன டு, ஒரு சின்ன பி. பார்த்தால் ஒரு பாரமும் தெரியாது. அந்த பியில்தான் நீ நிற்கிறாய்.

மெத், டக். நின்றுவிட்டது. திருப்பத்துக்கு மேலே ஓர் அகலப் படி இருக்கிறது என்று சிஸ்டர் சொன்னார், அங்கே மூச்சு வாங்கிக்கொள்கிறாய் போலிருக்கிறது. என் ஆபீஸ் படியிலும் நடுவில் அப்படி ஓர் இடம் உண்டு, அதில் கைடு கட்டுகளை அடுக்கியிருப்பார்கள், ஆறாம் வகுப்பு இங்கிலீஷ் கட்டின் மேல்தான் நீ எப்போதும் உட்காருவாய், அடுத்த வருஷம் இதத்தான படிக்கப் போறேன், இப்பவே உக்காந்து ஏத்திக்கறேன் என்பாய். லீவு விட்டதிலிருந்து சாயந்தரம் எல்லாரும் போன பிறகு நாம் அங்கே பழகினோம். பசை வாசனையும் புதுக் காகித வாசனையும். பைண்டிங் பெண்கள் காகித ஓரம் வெட்டியதில் மெல்லிய நாடாக்கள் கிடக்கும், அதில் நீ டைசிக்கு ஒரு கொலுசு செய்து கட்டினாய். முதல் நாள் மூன்றாவது படியிலேயே உட்கார்ந்து முடியாது என்றாய். நான் முடியாதுன்னு சொல்லக் கூடாது என்றேன். வீட்டிலும் இனிமேல் அந்தச் சொல் கிடையாது என்றேன், உன் அம்மாவுக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது. நல்ல அப்பாக்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று எங்கேயோ கேட்டிருக்கிறேன். அப்புறம் எழுந்து ஏறினாய். ஆனால் அந்தச் சொல்லுக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. பலம் இல்லை என்றாலும் முடியாதுதான். மாட்டேன் என்றாலும் முடியாதுதான். பஸ்ஸில் இடம் கேட்டால் முடியாதுங்க என்கிறானே, அவனுக்கு நகரப் பலம் இல்லையா என்ன? கைடில் கேனாட் ஒரு பாடம், மாட்டேன் என்கிற வோன்ட் வேறு பாடம், நடுவில் நாற்பது பக்கம் இருக்கும். நம்மிடம் இரண்டும் ஒரே சொல்லில் குடியிருக்கிறது, கதவு ஒன்றுதான், உள்ளே யார் என்று வெளியிலிருந்து தெரியாது. நான் அந்தக் கதவைச் சாத்திவிட்டேன். அன்றைக்கு அந்த மூன்றாவது படியில் உள்ளே இருந்து குரல் கொடுத்தது யார், பெனிட்டா?

ஒரு நாள் விழுந்தாய். இறங்கும்போது. டைசியை முன்னால் வைத்தாய், கீழ்ப் படியில் ஒரு காகித நாடா கிடந்திருக்கிறது, உன் கொலுசிலிருந்து கழன்றதுதான், பூட்ஸ் அதன் மேல் வழுக்கியது. நான் இரண்டு படி கீழே நின்றேன், கைகளை நீட்டிக்கொண்டுதான் நின்றேன், பிடிக்கத்தான் நின்றேன். நீ என் கைக்குப் பக்கத்தால் போனாய். இதை எத்தனை தடவை நினைத்தாலும் அந்தப் பக்கத்தால் என்ற இடத்தில்தான் முட்டிக்கொள்கிறது. கைப்பிடிக் கம்பியில் உன் வாய் இடித்தது. தூக்கி மடியில் வைத்தபோது கீழ் உதடு கிழிந்து பல்லெல்லாம் சிவப்பாக இருந்தது. அழப் போகிறாய் என்று பார்த்தால், அந்தச் சிவப்புப் பல்லோடு என் முகத்தைப் பார்த்து, “ஐ கேனாட் ஏபிள் டு” என்று சொல்லிச் சிரித்தாய். எனக்காகச் சிரித்தாய். அது அப்போதே எனக்குத் தெரிந்தது, தெரியாததுபோல நானும் சிரித்தேன். நம் வீட்டில் அந்த ஒரு சொல்லைத்தானே நான் தடை செய்திருந்தேன், நீ தப்பான இங்கிலீஷில் அதைச் சுற்றிக்கொண்டு போனாய். மறுநாள் லீவு விடலாம் என்றேன். வேண்டாம், போலாம்பா என்றாய். பழகினோம். ஒரு சாயந்தரம் மேல் படி வரைக்கும் ஏறி, என் சீட்டில் உட்கார்ந்து, கீபோர்டில் உன் பெயரை அடித்துவிட்டு, நீயாகவே இறங்கி வந்தாய். ஒரே ஒரு சாயந்தரம். மற்ற நாட்களில் எல்லாம் எங்கேயாவது என் சட்டை நுனியையாவது பிடித்திருந்தாய்.

அந்த ஒரு சாயந்தரத்தை என்ன சொல்லிக் கொடுப்பது சிஸ்டரிடம்? கைடில் அதற்கும் ஒரு பக்கம் உண்டு. ஒருத்தருக்கு எப்போதுமே இருந்த திறமை என்றால் கேனின் இறந்த காலமான குட் போடலாம், என் தாத்தா சின்ன வயதில் நன்றாக நீந்துவார் என்பதுபோல. ஒரே ஒரு தடவை, அன்றைக்கு மட்டும், தட்டுத்தடுமாறிச் செய்து முடித்தது என்றால் குட் போடக் கூடாது, வாஸ் ஏபிள் டுதான் போட வேண்டும். நுணுக்கமான வித்தியாசம், மதிப்பெண் ஒன்றுதான், பிள்ளைகள் விட்டுவிடுவார்கள், நானும் இதுவரை விட்டுவிட்டுத்தான் இருந்தேன். இப்போது பார், என் கையில் இருப்பது ஒரே ஒரு வாஸ் ஏபிள் டு. சிஸ்டருக்கு வேண்டியது கேன். தினமும், பிரேயர் முடிந்து ஒரு தடவை, இன்டர்வலுக்கு, சாப்பாட்டுக்கு, பாத்ரூமுக்கு, மழை நாளிலும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போவது என்று எந்தப் பாடத்திலும் போடவில்லை. இல்லை என்று சொல்லும்போது மட்டும் இந்த வித்தியாசம் தேவையில்லையாம், ஒரு தடவை முடியாததும் எப்போதும் முடியாததும் ஒரே மாதிரி எழுதிக்கொள்ளலாமாம். இல்லாமைக்கு அவ்வளவு கவனிப்பு போதும் என்று நினைத்துவிட்டார்கள். இன்றைக்கு நீ பாதியில் நின்றுவிட்டால், ஒரு தடவைதானே சிஸ்டர் என்று நான் சொன்னாலும் அது எப்போதும் என்றுதான் காதில் விழும். அப்புறம் உன்னை ஊருக்கு வெளியே இருக்கிற தரைத்தளப் பள்ளிக்கூடத்துக்குத்தான் மாற்ற வேண்டும். இரண்டு பஸ். ஆயிஷா பர்வீன் இருக்க மாட்டாள். ஒன்றாம் வகுப்பில் உன் கேலிப்பர் பெல்ட்டின் பக்கிளை முதல் நாளே பார்த்து, எனக்கும் போட்டுவிடு என்று அழுதாளே, அவள் இங்கேயே மாடிக்குப் போய்விடுவாள். அந்த வேப்பமரமும் இங்கேயே இருந்துவிடும். இந்த பெஞ்சிலிருந்து தெரிகிறது. அதைச் சுற்றி சிமெண்ட் மேடை. இன்டர்வல் பெல் அடித்ததும் பள்ளிக்கூடத்திலேயே அந்த மேடையில் முதலில் உட்காருவது நான்தான், ஓடுற பிள்ளைங்ககூட எனக்கு அப்புறம்தான், ஏன்னா என் கிளாஸ் வாசலுக்கு எதிர்லயே மரம் என்று நீ பெருமை அடிப்பாய். நீ உட்கார்ந்து இடம் பிடித்துவைப்பாயாம், மற்றவர்கள் வந்து உன்னிடம் இடம் கேட்பார்களாம். முடியாது என்று சொல்லுவேன்பா, அப்புறம் கொடுத்துடுவேன் என்றாய் ஒரு நாள்.

மேலே சத்தமே இல்லை. இவ்வளவு நேரமா மூச்சு வாங்குவாய்? ஓர் அணில் மட்டும் கத்துகிறது. வாட்ச்மேன் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு மரத்தடியில் பக்கெட் வைத்திருக்கிறார், தண்ணீர் தகரத்தில் விழும் சத்தம் டக் போலவே இருக்கிறது, அவரிடம் மூடச் சொல்லலாமா, சொல்லக் கூடாது. விழுந்திருந்தால் சத்தம் கேட்டிருக்கும். சிஸ்டர் கூப்பிட்டிருப்பார். விழுந்தால் முதலில் ஒரு டக் தனியாகக் கேட்கும், அப்புறம் மெத் வராது. அன்றைக்கு அப்படித்தான். எழுந்து திருப்பம் வரைக்கும் போய்ப் பார்க்கலாமா? வராதீர்கள் என்றார். என் காலுக்கு ஒன்றும் இல்லை, இரண்டு காலும் பலமான கால், அந்தப் படியில் ஓடி ஏற முடியும், ஏறக் கூடாது. இதற்கும் ஒரு பாடம் இருக்கும். காலையில் லில்லி கடைக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள். “என்னங்க, அவகிட்ட கேட்டீங்களா?” எதை என்றேன். “ஒண்ணுமில்ல. பத்திரமா கூட்டிட்டு வாங்க.” தெருமுனை வரைக்கும் போய்விட்டுத் திரும்பிப் பார்த்தாள். நீ ஜன்னலில் நின்று கையாட்டினாய். எதைக் கேட்பது? ஏற முடியுமா என்று தினமும் கேட்டிருக்கிறேன். வலிக்கிறதா என்று கேட்டிருக்கிறேன். பயமா என்று கேட்டிருக்கிறேன், இல்லை என்றாய். வேணுமா என்று கேட்டேனா? அந்தச் சொல்லைப் பார், அதுவும் இரட்டைதான். எனக்கு வேண்டும் என்றால் தேவை என்றும் அர்த்தம், ஆசை என்றும் அர்த்தம். இங்கிலீஷில் நீட் தனி, வான்ட் தனி. சிஸ்டர் நீட்ஸ் என்று சொன்னது நிர்வாகத்தின் தேவை. அதை நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்து வேண்டும் என்று தமிழாக்கினேன், வரும் வழியிலேயே அது என் ஆசையாக மாறிவிட்டது. என் பெண் ஏறுவதை அந்த இருமியவர் பார்க்க வேண்டும். இருமினாரா, சிரித்தாரா, அந்த மனிதர் முகம்கூட எனக்கு ஞாபகம் இல்லை. வேண்டும் என்பது எனக்கு வருகிறது, முடியும் என்பது உன்னால் போக வேண்டும், இரண்டுக்கும் நடுவில் அந்தப் படிக்கட்டு. பெனிட்டா, என் தங்கமே, நீ பாதியில் உட்கார்ந்திருந்தால் உட்கார்ந்துகொள். முடியாது என்று வேண்டுமானாலும் சொல்லிக்கொள். உதட்டில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது, பால் குடிக்கும்போது அதில் ஒரு வெள்ளைக் கோடு தங்கும். அதைத் துடைத்துவிடுவதுதான் என்னால் முடிந்தது. இரண்டு பஸ் என்றால் இரண்டு பஸ். வண்டியில் கொண்டுபோய் விடுவேன். கன்னத்தை முதுகில் வைத்துக்கொண்டு வா.

டக். இது பக்கெட் இல்லை. டக், மெத். டக் முதலில் வருகிறது. நீ இறங்குகிறாய். எங்கிருந்து இறங்குகிறாய் என்று காதுக்குத் தெரியவில்லை, மேல் படியிலிருந்தா, நடு வழியிலேயே திரும்பிவிட்டாயா, டக், மெத், இரண்டுக்கும் சத்தம் ஒன்றுதான். எழுந்து நிற்கிறேன். உட்காருகிறேன். கைப்பிடியில் முதலில் உன் கை தெரிகிறது, அப்புறம் பூட்ஸ், அது படியைத் தொட்டுப் பார்க்கிறது, பூனை தண்ணீரைத் தொட்டுப் பார்ப்பதுபோல, அப்புறம் வைக்கிறது. நீ என்னைப் பார்க்கவில்லை, படியைத்தான் பார்க்கிறாய், கீழ் உதட்டைக் கடித்திருக்கிறாய், நெற்றியெல்லாம் வேர்வை. சிஸ்டர் உனக்கு முன்னால் ஒரு படி தள்ளி, பக்கவாட்டில், கையை நீட்டாமல், ஆனால் மடக்காமலும் இறங்குகிறார். கடைசிப் படி. நீ வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து என் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாய். ஏறிட்டா என்றார் சிஸ்டர். மேல் வரைக்கும் ஏறி, ஆறாம் வகுப்பு அறைக்குள் போய், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்து, ஃபேன் போட்டுப் பார்த்து, ஜன்னல் வழியாக வெகுநேரம் கீழே மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். அதனால்தான் நேரம் ஆனது, பயப்படாதீர்கள் என்றார். தேங்க்யூ சிஸ்டர் என்றேன், அதில் தப்பு செய்ய இடம் இல்லை. பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, நான் இன்றைக்குத்தான் பக்கத்தில் நின்று பார்த்தேன், இறங்குவது இவ்வளவு வேலை என்று தெரியாமல் அன்றைக்குச் சொல்லிவிட்டேன் என்றார். கீழே தையல் அறை காலியாகத்தான் கிடக்கிறது, ஆறாம் வகுப்பில் ஒரு பிரிவை அங்கே கொண்டுவரலாம், எந்தப் பிள்ளைகள் அதில் வருவார்கள் என்று இப்போது சொல்ல முடியாது, ஆயிஷா மேலேயே இருந்தாலும் இருப்பாள், மாடிதான் வேண்டும் என்றால் மாடி, ஏறிக் காட்டிவிட்டாள், இனி யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்றார். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். சிஸ்டர் என்னைப் பார்க்காமல் உன் முன்னால் குனிந்தார்.

“மேலயா, கீழயா, பெனிட்டா? அப்பா மூஞ்சியப் பாக்காம சொல்லு.”

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மரத்தடியில் பக்கெட் நிரம்பி வழிந்தது, வாட்ச்மேன் இன்னும் வரவில்லை, தண்ணீர் மேடையைச் சுற்றிக்கொண்டு ஓடியது. விடுகதையின் அண்ணன் கேன், தம்பி ஏபிள் டு, இந்த விடை உனக்குத் தெரியும் என்று அப்போது தோன்றியது, கேட்டிருந்தால் ரவுண்டானாவிலேயே சொல்லியிருப்பாய். உன் விரல் என் கைக்குட்டையை நாலாக மடித்தது, எட்டாக மடித்தது, என் சட்டைப் பையில் திரும்ப வைத்தது.

மாடி வேண்டாம் என்றாய். தையல் அறை என்றாய்.